மூட்டைப் பிடி

சின்னவளோடு மல்லுக்கு நிற்க ஆள் இல்லாமல் போனது, வட்டாரப் போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது.

மூத்தவள் கல்யாணமாகி வெளியூர் போய் வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வீட்டிலும் தெருவிலும் இவளுக்குச் சின்னவள் என்ற பெயர் மாறவில்லை. பதினாறு வயது, ஐம்பது கிலோ எடை. பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் இருந்த தகரக் கூரை ஹாலில், மேட்டு என்று எல்லோரும் சொல்லும் தடித்த விரிப்பின் மேல், இரண்டு வருடமாக மல்யுத்தம் பழகிக்கொண்டிருந்தாள். அவளோடு உருண்டு புரண்டவள் வகுப்புத் தோழி, ஒரு லாரி டிரைவரின் மகள். அந்த டிரைவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஒரே வாரத்தில் குடும்பமே கட்டில் பீரோவோடு கிளம்பிப் போய்விட்டது. ஹாலில் மிச்சம் இருந்தவர்கள் எல்லாம் பையன்கள்.

"பையன்களோட உன்னை விட முடியாதும்மா. தலைமையாசிரியர் கண்டிச்சுச் சொல்லிட்டார்" என்றார் விளையாட்டு மாஸ்டர். "நீயே ஒரு ஆளைக் கூட்டிட்டு வா. பொண்ணா இருக்கணும், கிட்டத்தட்ட உன் எடை இருக்கணும். நாலு மணியிலிருந்து அஞ்சரை வரைக்கும் மேட்டு உனக்குத்தான். ஆளில்லாம தனியா குதிச்சுட்டு இருந்தா அது மல்யுத்தம் இல்ல, உடம்பு வலி."

அவள் ஆள் தேடிப் புறப்பட்டாள். வகுப்பில் பதினோரு பேரைக் கேட்டாள். சிலர் சிரித்தார்கள், சிலர் அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மறுநாள் முகம் கொடுக்கவில்லை. மாடி வீட்டுக்காரியின் மகள் நல்ல தாட்டியான பெண். அவள் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே, "கட்டிப் பிடிச்சுப் புரளணுமா? ஐயோ, எங்க வீட்டுல கொன்னே போட்டுடுவாங்க" என்று மூடிக்கொண்டாள். விளையாட்டு அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனாள். அங்கே இருந்த குமாஸ்தா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"குத்துச்சண்டையா?"

"மல்யுத்தம் சார்."

"எல்லாம் ஒரே அடிதடிதானே. ஆளெல்லாம் நாங்க சப்ளை பண்றதில்லம்மா. மனு எழுதிப் போட்டுட்டுப் போ."

மனு எழுதிப் போட்டாள். அது என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

அன்று வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினாள். அம்மா அரசு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்குத் திரும்புவாள். பதினான்கு வருடமாக ஈரப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்து இழுத்து, அவள் தோளும் முன்கையும் ஆண்பிள்ளைக்கு இருப்பதுபோல் திரண்டிருந்தன. வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எத்தனை கிலோ இருக்கணும்னாரு?"

"அம்பது. கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கலாம்."

"நான் அம்பத்தேழு. பரவால்லயா?"

சின்னவள் முதலில் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டபிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

மாஸ்டரும் முதலில் தலையைச் சொறிந்தார். வெளியாளை ஹாலுக்குள் விட அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் போட்டிக்குப் பெயர் கொடுக்கிற அளவுக்குத் தேறிய ஒரே பெண் சின்னவள்தான், அவளைக் கைவிடவும் அவருக்கு மனசில்லை. "யாருக்கும் தெரிய வேணாம். பின்வாசல் வழியா வாங்க" என்றார்.

அம்மா அப்பாவின் பழைய கால்சட்டையைப் போட்டு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டாள். முதல் வாரம் முழுக்கச் சின்னவள் அவளுக்கு விழத்தான் சொல்லிக் கொடுத்தாள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள், முதுகு உருண்டையாக இருக்கட்டும். எது மறந்தாலும் ஒன்று மறக்காதே: விழும்போது கையை ஊன்றாதே. ஊன்றினால் உடம்பு எடை முழுக்க ஒரு மூட்டில் இறங்கும். அம்மா ஒவ்வொரு தடவை விழும்போதும் "அம்மாடி" என்பாள். பிறகு மேட்டிலேயே மல்லாந்து கிடந்து, "இரு, கொஞ்சம் படுத்துக்கிறேன். பகல்ல இப்படிப் படுத்து எத்தனை வருஷமாச்சு" என்பாள்.

சின்னவளுக்குக் கைவந்த பிடி ஒன்று இருந்தது. எதிராளியின் ஒரு கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சட்டென்று குனிந்து, கால்களுக்கு நடுவே மறு கையை விட்டு, ஆளை அப்படியே தோள்களுக்குக் குறுக்கே தூக்கிப் போடுவது. அம்மாவும் மகளும் அதற்கு மூட்டைப் பிடி என்று பெயர் வைத்தார்கள். முதல் முறை அப்படித் தூக்கியபோது அம்மா கால்கள் அந்தரத்தில் ஆட, குழந்தைபோலக் கத்தினாள். இறக்கிவிட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"என் நினைவு தெரிஞ்சு என்னை யாருமே தூக்கினதில்லடி. இன்னொரு தரம் தூக்கு."

அப்பாவுக்குச் செய்தி தெருவழியாக எட்டியது. அவர் சோபா தைக்கிற பட்டறையில் வேலை செய்பவர். வாய் நிறைய எப்போதும் ஆணிகளும் கேலியும் இருக்கும் என்று பட்டறையில் சொல்வார்கள். அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தவர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல ரெண்டு பயில்வான். இனிமே உப்பு இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி நான் ஜன்னல் எங்க இருக்குன்னு பாத்து வச்சுக்கணும்" என்றார். பிறகு குரல் மாறியது. "விளையாடுங்க, வேணாம்னு சொல்லல. போட்டியெல்லாம் எதுக்கு? நாலு பேர் பாக்க, பொம்பளப் புள்ள மேல இன்னொருத்தி ஏறி உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

ஒப்புதல் தாளில் அம்மாவே கையெழுத்துப் போட்டாள். அப்பா அதைத் தடுக்கவில்லை. தன் கால்சட்டையைத் தேடவும் இல்லை.

போட்டிக்கு இருபது நாள் இருந்தது. பரீட்சைகள் முடிந்து பள்ளிக்கு விடுமுறை விட்ட முதல் நாள். ஹாலில் மூன்று பேர் மட்டுமே. மூட்டைப் பிடியில் தூக்கிய அம்மாவைச் சின்னவள் வழக்கம்போலப் பக்குவமாக இறக்கினாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"நீ என்னைத் தூக்கிப் போடல. கட்டில்ல கிடத்துற. அங்க வரவளும் உன்னைக் கட்டில்லயா கிடத்துவா? ஒழுங்காப் போடு."

"உனக்கு அடிபடும்மா."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. போடுடீ."

சின்னவள் போட்டாள். மூன்றாவது முறை, வியர்வையில் அம்மாவின் உடம்பு தோளிலிருந்து ஒரு நொடி முன்னதாகவே வழுக்கியது. அம்மா பயந்து வலது கையை நீட்டி ஊன்றினாள். காய்ந்த குச்சி முறிவதுபோல ஒரு சத்தம். அம்மா கத்தவில்லை. எழுந்து உட்கார்ந்து, தவறான பக்கம் திரும்பியிருந்த தன் முழங்கையை, யாருடையதோ என்பதுபோலப் பார்த்தாள். அதன்பிறகுதான் அவள் முகம் வெளுத்தது.

மாஸ்டர் ஓடி வந்தார். கையைத் துண்டால் கட்டினார். ஆட்டோவில் ஏற்றிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். இங்க நடந்ததுன்னு சொல்லிடாதீங்க. அனுமதி இல்லாம வெளியாளை விட்டதுக்கு என் வேலையே போயிடும். ஹாலையும் பூட்டிடுவாங்க, உங்க பொண்ணு பேரும் போயிடும்."

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். போதுமா? வண்டியை எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிதான். அவளைக் கிடத்திய விரிப்பின் ஓரத்தில் சலவைக்கூடத்து நீல முத்திரை இருந்தது. முந்தாநாள் அவளே அதை மடித்திருக்கலாம். முழங்கை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது, அறுவை செய்து கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். உடையை மாற்ற வந்த நர்ஸ், அம்மாவின் தோளிலும் விலாவிலும் தொடையிலும் இருந்த கன்றிய தடங்களைப் பார்த்தாள். சில நீலம், சில பச்சை, சில மஞ்சள். எல்லாம் வெவ்வேறு நாளில் பட்டவை. பிறகு திரும்பிச் சின்னவளின் கழுத்தையும் கையையும் பார்த்தாள். அங்கேயும் அதே நிறங்கள்.

"வீட்டுல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டாள் நர்ஸ்.

"நானு, அம்மா, அப்பா."

நர்ஸ் எதையோ எழுதிக்கொண்டாள்.

பட்டறையிலிருந்து பஞ்சுத் தூசி படிந்த தலையோடு ஓடி வந்த அப்பாவை அவள் வராந்தாவிலேயே நிறுத்தினாள். வரிசையாக உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லோர் காதிலும் விழும்படி, எப்போது கோபம் வரும், குடிப்பீர்களா, கடைசியாக எப்போது கையை நீட்டினீர்கள் என்று கேட்டாள். நர்ஸ் மேல் தப்புச் சொல்ல முடியாது. அவள் அப்படிப்பட்ட முழங்கைகளை நிறையப் பார்த்தவள். இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் கொசுவைத் தவிர யாரையும் அடித்தறியாத அப்பா, அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே படுக்கையிலிருந்து அம்மா, போனில் சொன்னதையே சொல் என்பதுபோல அவரைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள்.

"குளியலறையில விழுந்துட்டாங்க" என்றார் அப்பா. வராந்தாவில் ஒருத்தர்கூட அதை நம்பவில்லை.

சலவைக்கூடத்துச் சூப்பர்வைசரைக் கடிகாரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் வாசலில் நிற்பாள். அவள் மறுநாள் வந்து அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வேலை நேரத்துல பட்ட அடி இல்லையே. ஒரு மாசத்துக்கு மேல ஆளில்லாம இடத்தைக் காலியா வச்சிருந்தா மேல இருக்கவங்க புது ஆளைப் போட்டுடுவாங்க. வீட்டுல யாராவது வந்து நின்னா நான் கண்டுக்காம இருந்துக்கிறேன்."

விடுமுறைதானே என்று சின்னவள் போய் நின்றாள்.

காலை ஆறு மணிக்கே உள்ளே ஆவி நிற்கும். ரத்தம் பட்டதைப் பிரித்துப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீரில் போட்டால் கறை அப்படியே பிடித்துக்கொள்ளும். சில விரிப்புகளுக்குள் ஊசி இருக்கும், பல் செட்டு இருக்கும், ஒரு தடவை ஒரு குழந்தையின் கைப்பட்டை இருந்தது. சுழன்று நின்ற இயந்திரத்துக்குள் துணிகள் கயிறாக முறுக்கிக் கிடக்கும். அதை இழுத்தெடுக்கும்போதுதான் அம்மாவுக்கு அந்தத் தோள் எப்படி வந்தது என்று அவளுக்குப் புரிந்தது. கடைசியில் சூடான உருளையிலிருந்து வருவதை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும்.

அவளோடு மடித்தவள் ஒரு நடுவயதுக்காரி. அம்மாவின் பழைய ஜோடி. நாலாவது நாள், விரிப்பின் முனைகளைச் சேர்க்க அருகே வந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கப்பன் எப்பலேருந்துடி இப்படி? உங்கம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லையே. சிரிச்சுப் பேசுறவனைத்தான் நம்பக் கூடாது."

சின்னவளுக்குக் காது சூடேறியது. "அப்பா இல்லக்கா. நான்தான் ஒடச்சேன்."

அந்தப் பெண் அவள் கன்னத்தை ஈரக் கையால் தொட்டாள். "பாவம், அப்பனைக் காப்பாத்துறியா" என்று சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள். மதியத்துக்குள் அந்த வாக்கியம் எல்லா இயந்திரங்களையும் சுற்றி வந்துவிட்டது. பெண்கள் அவள் டப்பாவில் தங்கள் சாப்பாட்டிலிருந்து எடுத்து வைத்தார்கள். அவள் டப்பாவை அப்படியே மூடி வைத்தாள்.

பட்டறைக்கும் பேச்சு போய்ச் சேர்ந்தது. அளவெடுக்க வீடுகளுக்குப் போகும் வேலையை முதலாளி அப்பாவிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்தார். "கொஞ்ச நாளைக்குப் பட்டறைக்குள்ளயே இருங்க" என்று மட்டும் சொன்னாராம். அப்பா இப்போது வீட்டில் உப்பைப் பற்றியும் பேசவில்லை, எதைப் பற்றியும் பேசவில்லை. ஒரு மாலை நேராகப் பள்ளி ஹாலுக்குப் போய், பட்டியலிலிருந்து மகளின் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை அம்மா, கழுத்திலிருந்து தொங்கும் மாவுக்கட்டோடு பஸ் ஏறினாள். நின்றுகொண்டே போனாள். மாஸ்டரிடம் பெயரைத் திரும்ப எழுதச் செய்து, அவர் எழுதி முடிக்கும்வரை மேசையை விட்டு நகராமல் இருந்தாள். திரும்பி வந்தவள் அப்பாவிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

"பேரைத் திருப்பிப் போட்டுட்டேன். என் கை சும்மா ஒடிஞ்சதா இருக்கக் கூடாது."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உன் கைக்குக் கணக்குப் பாக்குற. என் முகத்துக்கு?"

"போட்டி முடியட்டும். அப்புறம் நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"அப்புறம் சொன்னா எவன் நம்புவான்" என்றார் அப்பா. எழுந்து போனார். திரும்பப் போய்ப் பெயரை அடிக்கச் சொல்லவும் இல்லை.

போட்டி நடந்த மண்டபத்தில் மூன்று மேட்டுகளை விரித்திருந்தார்கள். அம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், மாவுக்கட்டு மடியில். அப்பா வரவில்லை. ஐம்பது கிலோவில் ஆறு பெண்கள். முதல் இரண்டு இடத்தில் வருபவர்கள் தலைநகரத்தில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம்.

முதலில் வந்தவளைச் சின்னவள் ஒரு நிமிடத்தில் மூட்டைப் பிடியில் தூக்கி இரண்டு தோளும் தரையில் பட அழுத்திவிட்டாள். இரண்டாவது ஆட்டம் முழு நேரமும் இழுத்தது. எதிராளியின் தலை மோதி அவள் உதடு கிழிந்தது, இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. ரத்தத்தைத் துடைத்து, பஞ்சு வைத்து, திரும்ப இறக்கினார்கள். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாள். படிக்கட்டில் அம்மா எழுந்து நின்று, தட்ட இரண்டு கை இல்லாமல், தொடையில் தட்டினாள்.

இறுதியில் வந்தவள் உயரமானவள், பொறுமையானவள். ஆனாலும் ஒரு தருணம் வாய்த்தது. சின்னவள் குனிந்தாள், தூக்கினாள். தோள்மேல் அந்தப் பெண்ணின் முழு எடையும் வந்தது. அப்போது, வீங்காத கண்ணின் ஓரத்தில், எதிராளியின் கை தரையை நோக்கி விரிந்து நீள்வது தெரிந்தது. சின்னவளின் பிடி தானாகத் தளர்ந்தது. அந்தப் பெண் வழுக்கி இறங்கினாள், பின்னால் வந்து அவளை மேட்டில் கவிழ்த்தாள், அவ்வளவுதான்.

இரண்டாம் இடம். பஸ்ஸில் அம்மா அவள் பதக்கத்தை இடது உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். "கையை விட்டுட்ட" என்றாள். சின்னவள் வீங்கிய கண்ணில் ஈரத் துணியை அழுத்திக்கொண்டாள். "சரி, பரவால்ல. பெரிய போட்டிக்குத்தான் போறியே" என்று அம்மா தானே முடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் குடும்பநல அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். நர்ஸ் எழுதி அனுப்பியது அவர்கள் மேசைக்குப் போய்ச் சேர அத்தனை நாள் ஆகியிருந்தது. அவர்களில் வயதில் பெரியவள் கண்ணாடி போட்டவள், கனிவாகப் பேசுபவள். கதவைத் திறந்த சின்னவளின் மூடிய கண்ணையும் தையல் போட்ட உதட்டையும் பார்த்ததும் அந்தக் கனிவு இன்னும் கூடிப்போனது.

ஒவ்வொருவரையும் தனியாக விசாரித்தார்கள். அம்மா குளியலறை என்றாள். எந்தக் கால் வழுக்கியது, அப்போது சின்னவள் எங்கே இருந்தாள் என்று கேட்டதற்கெல்லாம் தடுமாறினாள். சின்னவள் தன் முகத்துக்குப் பதக்கத்தையே காட்டினாள். அவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் அம்மாவின் கை என்று வந்ததும் அவளும் குளியலறை என்றாள். மாஸ்டர் கும்பிட்டுக் கேட்டதும் தலைநகரத்துப் போட்டியும் அவள் நாக்கைப் பிடித்திருந்தன.

கடைசியில் அப்பாவை உள்ளறைக்குக் கூப்பிட்டார்கள். நடுவில் இருந்தது பலகைத் தடுப்புதான். பேசுவது எல்லாம் கேட்டது.

"உங்களை நாங்க குற்றவாளின்னு சொல்லல. விசாரணை முடியற வரைக்கும் நீங்க வேற எங்கயாவது தங்கணும். இன்னிக்கே. புரியுதா?"

"சரிங்க."

"உண்மையைச் சொல்லிட்டீங்கன்னா எல்லாருக்கும் நல்லது. அவங்க கை எப்படி உடைஞ்சது?"

தடுப்புக்கு இந்தப் பக்கம் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் இப்போது சொல்லிவிடுவார், சொன்னால் யார் குறை சொல்ல முடியும் என்று சின்னவள் காத்திருந்தாள்.

"குளியலறையில விழுந்துட்டாங்க" என்றார் அப்பா. ஆணி அடித்த மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல். "தரை ஈரமா இருந்துச்சு. நான்தான் துடைக்காம விட்டேன்."

பிறகு பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. பட்டறையில் படுத்துக்கொள்கிறேன், இரண்டு சட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார்.

சின்னவள் எழுந்தாள். அம்மா இடது கையால் அவள் சட்டையைப் பிடித்தாள். "வேணாம்டி, இன்னும் ஒரு மாசம்தான்" என்றாள் கிசுகிசுப்பாக. சின்னவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"அம்மா கையை நான் ஒடச்சேன். ஸ்கூல் ஹால்ல, பழகுறப்ப. அம்மாதான் எனக்கு ஜோடி."

கண்ணாடிக்காரி அவளை உட்காரச் சொன்னாள். "கண்ணு, அப்பா மேல பாசம் இருக்கறது தப்பில்ல. அதுக்காக நீ பழியை ஏத்துக்க வேணாம். பெத்த அம்மா உன்னோட குஸ்தி போட்டாங்கன்னு சொன்னா யாரும்மா நம்புவாங்க?"

"எந்திரிங்க" என்றாள் சின்னவள்.

"என்ன?"

"ஒரு நிமிஷம் எந்திரிங்க மேடம்."

அவள் எழுந்ததுதான் தாமதம், சின்னவள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் குனிந்தாள். அடுத்த நொடி அந்த அம்மாள் கோப்போடும் கைப்பையோடும் அவள் தோளுக்குக் குறுக்கே கிடந்தாள். கண்ணாடி கழன்று தரையில் விழுந்தது. கூட வந்தவள் அலறினாள். சின்னவள் ஒரு முழுச் சுற்று திரும்பி, கண்ணாடிப் பாத்திரத்தை வைப்பதுபோல அவளைக் கட்டிலில் இறக்கி வைத்தாள்.

"இப்படித்தான். அம்மாவை இறக்கல, போட்டேன். அவங்க கையை ஊனிட்டாங்க."

அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்கினாள். அப்பா கையில் சட்டையோடு சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு கண்ணாடிக்காரி வாசலில் வந்து நின்ற அம்மாவைப் பார்த்து, "நிஜமா?" என்று கேட்டாள். அம்மா அழ ஆரம்பித்தாள். கை உடைந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

எழுதியதை அவர்கள் திருத்தி எழுதினார்கள். அப்பா அன்று வீட்டிலேயே படுத்தார். திருத்திய அறிக்கையில் சம்பவம் நடந்த இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பிய தாளின் நகல் பள்ளிக்குப் போயிற்று. பத்து நாளில் மாஸ்டரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஹாலில் பெண்களுக்குப் பயிற்சி இல்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தலைநகரத்துப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். அது வரவில்லை. சின்னவளின் இடத்துக்கு மூன்றாவதாக வந்தவள் போனாள்.

மாஸ்டரை ஒருமுறை கடைத்தெருவில் பார்த்தாள். அவர் எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

பட்டறையில் அப்பாவுக்கு அளவெடுக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. சலவைக்கூடத்தில் பேச்சு முழுதாக ஓயவில்லை. அம்மாவின் பழைய ஜோடி மட்டும், "அந்தப் பொண்ணு கெட்டிக்காரி, என்னமா ஒரு கதை கட்டிட்டா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா மகளிடம் நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, "அந்த மேடம் என்ன எடை இருப்பாங்க?" என்று கேட்டார். "அறுபத்தஞ்சு" என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

அன்று தன் விரல்களைப் பிரித்துவிட்டு உள்ளே போன மகளிடம் அம்மாதான் பேசவில்லை. மாவுக்கட்டைப் பிரித்தபோது கை மெலிந்து, வளைந்த நிலையிலேயே நின்றது. தினமும் இரண்டு வேளை ஒருவர் பிடித்து அழுத்தி நீட்டிவிட வேண்டும், விட்டால் அப்படியே உறைந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். முதலில் அப்பா முயன்றார். அம்மா முனகியதும் விட்டுவிட்டார். இரண்டாம் நாள் அம்மா ஒரு துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, பாடம் படித்துக்கொண்டிருந்த சின்னவளின் எதிரில் உட்கார்ந்து, துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு கையை அவள் மடியில் வைத்தாள்.

சின்னவள் ஒரு கையால் முழங்கைக்கு மேலேயும் மறு கையால் மணிக்கட்டிலும் பிடித்தாள். எலும்புக்குள் கம்பி இருப்பது விரலுக்குத் தெரிந்தது. மெல்ல அழுத்தினாள். அம்மாவின் கழுத்து நரம்புகள் புடைத்தன. சின்னவள் நிறுத்தினாள்.

அம்மா வாயிலிருந்து துண்டை எடுத்தாள். பதினேழு நாள் கழித்து மகளிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இன்னும் அழுத்து."

"வலிக்கும்மா."

"தெரியும். அழுத்து."

துண்டைத் திரும்பக் கடித்துக்கொண்டாள். சின்னவள் அழுத்தினாள். அம்மாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கி, துண்டு நனைந்தது. ஒரு விரற்கடை அளவு கை நீண்டது. முப்பது எண்ணும்வரை பிடித்திருந்துவிட்டு, இருவரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்கள்.